பழம் தட்டியவள் கேட்டது

பட்டப்பேர் என்பது அரப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத அழுக்கு. ஆளோடு போய்த் தொலைந்தாலாவது பரவாயில்லை. சேந்தமங்கலத்தைச் சுற்றியிருக்கும் மலையடிவாரத்து ஊர்களில் அது காடு தோட்டம் மாதிரி பிள்ளைகளுக்கும் இறங்கும். எவனோ ஒரு கொள்ளுப்பாட்டன் சந்தையில் பானையைப் போட்டு உடைத்திருப்பான். இன்றைக்கு அவன் பேரனின் மகனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்களும், "ஓட்டப்பானையாரு ஊடு எதுங்க?" என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார்கள். பானையும் இல்லை, உடைத்தவனும் இல்லை. பேர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

பழனாயிக்குக் கிடைத்த பேர் 'எறக்கிவுடு'.

அது கிடைத்த கதை சின்னதுதான். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால், கல்யாணமான முதல் ஆடிப் பதினெட்டுக்குப் புருசன் அப்புசாமியோடும் அவன் சொந்தக்காரர்களோடும் கொல்லிமலை ஏறினாள். மேலே தேவனூர் நாட்டில் அப்புசாமிக்குச் சென்றாயன் என்று ஒரு சிநேகிதன். அப்பன் காலத்திலிருந்தே வருகிற சிநேகம். கீழேயிருந்து உப்பும் தேங்காயும் போகும். மேலேயிருந்து சாமையும் மிளகும் பலாப்பழமும் வரும். ஆடி நோம்பிக்கு மட்டும் ஆட்களே போவார்கள். சென்றாயன் காட்டோரத்தில் பெரிய இச்சி மரம் ஒன்று உண்டு. அதில் தூரி கட்டி ஆடுவது வழக்கம். ஊஞ்சலைத்தான் அந்தப் பக்கம் தூரி என்பார்கள். மரத்துக்கு முன்னால் தரை பத்தடிதான். அதற்கப்புறம் மலை சரிந்து இறங்கிவிடும். தூரி முன்னால் போகும்போது காலுக்கடியில் பள்ளத்தாக்கு. பதினாறு வயதுப் புதுப்பெண்ணை அதில் உட்காரவைத்து, புருசனின் அக்கா பாப்பாத்தி பின்னால் நின்று ஒரே தள்ளு! "எறக்கிவுடுங்க! எறக்கிவுடுங்க!" என்று பழனாயி போட்ட கூப்பாட்டை மலை திருப்பித் திருப்பிச் சொன்னது. பதினேழு தடவை என்று பாப்பாத்தி எண்ணியே வைத்துவிட்டாள். அவளை இறக்கிவிட்டார்கள். பேரை யாரும் இறக்கிவிடவில்லை.

ஊருக்குள் எறக்கிவுடு அக்கா, எறக்கிவுடு அத்தை. சந்தையில் வெங்காயம் எடுக்கிற வியாபாரிகூட, "எறக்கிவுடு ஊட்டு மூட்ட வந்துருச்சா?" என்பான். முதல் இரண்டு வருசம் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் நாலைந்து வருசம் சண்டை போட்டாள். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டாள். பழகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். பழகவா? மண்ணாங்கட்டி! ஒவ்வொரு தடவையும் வயிற்றுக்குள் ஒரு கல் விழும். அவள்தான் வெளியே காட்டுவதில்லை.

ஈசுவர வருசம் வைகாசியில் மகள் பொன்னாயிக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆடி நோம்பிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ராசாமணியும் கூடவே புறப்பட்டு வந்துவிட்டாள். "நானும் அந்த மலைய ஒருக்காப் பாத்துப்போடறனுங்க" என்றாள். ஒல்லியான பொம்பளை. எதைக் கண்டாலும் ஏன் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள்.

நோம்பிக்கு முந்தின நாள் பொன்னாயி அம்மாவைத் மாடு கட்டுகிற தொண்டுப்பட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அம்மா, அவிய ஊருல பட்டப்பேருன்னா தண்ணி பட்ட பாடு. உன்ற பேரு மட்டும் எங்க மாமியா காதுல உழுந்துச்சு, நாளைக்கே நானு எறக்கிவுடு மவ. நாளைக்கு எனக்குப் பொறக்கறது எறக்கிவுடு பேரன். நான் எப்படிம்மா அங்க போயிக் குடித்தனம் பண்ணுவேன்?"

பழனாயிக்குச் சுருக்கென்றது. தனக்கு விழுந்த கல்லைத் தான் விழுங்கிக்கொள்ளலாம். மகள் தலையில் விழ விடுவதா? நேராகப் பாப்பாத்தியிடம் போனாள். புருசனின் அக்காவை அந்தப் பக்கம் நங்கையா என்பார்கள்.

"நங்கையா, இந்த ஒரு நோம்பிக்கு மட்டும் அந்தப் பேர வாயில எடுக்காதீங்க. சம்பந்தியம்மா வந்திருக்கறாங்க. புள்ள வாழப் போற ஊடு."

"அட, நானென்ன பச்சப்புள்ளையா? பொன்னாயி பொறந்தப்ப மொதல்ல கையில வாங்குனவ நானு. நாக்கக் கட்டிக்கறேன் போ" என்றாள் பாப்பாத்தி.

பாப்பாத்தி மனசில் கள்ளம் கிடையாது. ஊரில் எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சியோடு நிற்பவள் அவள்தான். ஆனால் அந்த நாக்கு இருக்கிறதே, அதைக் கட்டிப்போடக் கயிறு இன்னும் திரிக்கவில்லை.

விடிகிற நேரத்துக்கு அடிவாரத்தில் ஏறத் தொடங்கினார்கள். ஆடிச் சாரலில் பாதையெல்லாம் வழுக்கல். போதாததற்கு அட்டை. உப்பையும் புகையிலையையும் துணியில் முடிந்து காலில் தேய்த்துக்கொண்டே போனார்கள். மாப்பிள்ளை தோளில் தூரிக் கயிறு. கயிறு கீழ்நாட்டார் கொண்டுபோக வேண்டும், மரம் மேல்நாட்டார் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்புசாமி தேங்காய் மூட்டையை இடது தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். வழியெல்லாம் ராசாமணி இது என்ன மரம், அது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பழனாயிக்கு எந்தக் குருவியும் கண்ணில் படவில்லை. அவள் கண் பாப்பாத்தியின் வாயிலேயே இருந்தது.

பாதி மலையில் பாப்பாத்தி திரும்பிப் பார்த்து, "ஏ எறக்—" என்று ஆரம்பித்துவிட்டு, முழித்து, "எறக்கத்துல பாத்து வா புள்ள" என்று முடித்தாள்.

"ஏறிக்கிட்டுத்தானுங்களே இருக்கறோம்?" என்றாள் ராசாமணி.

பொன்னாயி கல்லில் கால் இடறியதுபோல ஐயோ அம்மா என்று கத்தி, பேச்சை மாற்றிவிட்டாள். கெட்டிக்காரி.

வாசலூர்பட்டி தாண்டியதும் குளிர் காற்று மூஞ்சியில் அடித்தது. சென்றாயனும் அவன் பெண்டாட்டி சின்னக்கண்ணும் பாதி வழிக்கே எதிர்கொண்டு வந்து சுமையை வாங்கிக்கொண்டார்கள். ஓடையில் செம்மண் நிறத்தில் புதுத் தண்ணீர் ஓடியது. பெண்கள் எல்லோரும் முங்கி எழுந்து, கரையில் இருக்கிற கன்னிமார் கல் ஏழுக்கும் மஞ்சள் பூசி, காப்பரிசி வைத்துக் கும்பிட்டு, ஒருவர் கழுத்தில் ஒருவர் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள். பழனாயி கும்பிட்டபோது வேறெதுவும் கேட்கவில்லை. அந்தப் பேர் இன்றைக்கு வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான்.

சின்னக்கண்ணு தேனும் தினை மாவும் பிசைந்து உருண்டை கொடுத்தாள். பலாப்பழம் இரண்டு பிளந்து கிடந்தது. அடுப்பில் மொச்சைக் குழம்பு கொதிக்கிற வாசனை ஓடை வரைக்கும் வந்தது. ராசாமணி ஏழு சுளை தின்றுவிட்டு, இந்த மலையை விட்டு நான் வரமாட்டேன் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். பழனாயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாப்பாத்தியின் கையில் இன்னொரு சுளையைத் திணித்தாள்.

அப்புறம் தூரி. இச்சி மரத்துக் கிளையில் கயிறு ஏறியது, பலகை மாட்டியாயிற்று. பள்ளத்துப் பக்கம் ஒரு மூங்கில் கழியை நீட்டி நட்டு, அதன் நுனியில் மலைவாழைப்பழம் ஒரு சீப்பைத் தொங்கவிட்டான் சென்றாயன். தூரியில் போய் அதைக் காலால் தட்டி விழவைக்க வேண்டும். தட்டியவர்கள் அங்கே இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் எதையாவது ஒன்று கேட்கலாம். கேட்டால் மறுக்கக் கூடாது. அது இரண்டு வீட்டுக்கும் அப்பன் பாட்டன் காலத்து ஏற்பாடு. ஒரு வருசம் சென்றாயன் தட்டிவிட்டு அப்புசாமியின் மீசையைக் கேட்டான். அப்புசாமி அழாத குறையாக மீசையைக் கொடுத்தான். விளையாட்டுத்தான், ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

ஆண்கள் ஆடி முடித்தார்கள். யார் காலுக்கும் பழம் எட்டவில்லை. பெண்கள் முறை வந்ததும் முதல் ஆளாகப் பாப்பாத்தி கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். ஐந்து வருசமாகப் பழம் அவளுடையதுதான். வருசா வருசம் அவள் கேட்டதும் ஒன்றுதான்: எறக்கிவுடு எனக்குக் கால் பிடித்துவிட வேண்டும். இந்தத் தடவை வயசு காட்டிவிட்டது. ஒரு சாண் எட்டவில்லை. இன்னொரு தடவை உந்தினாள். கட்டைவிரல் பட்டு, சீப்பு ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே நின்றது. சின்னக்கண்ணு கைதட்டிச் சிரித்தாள், ராசாமணியும் சிரித்துவிட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. பாப்பாத்திக்குச் சிரிக்கவைக்கத் தெரியும், சிரிப்பு வாங்கத் தெரியாது. இறங்கினவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "நானாச்சும் அத்தன தூரம் போயிட்டு வந்தேன். இங்க ஒருத்தி இருக்கறா பாருங்க சம்பந்தியம்மா, இருவத்திரண்டு வருசமாத் தூரிப் பக்கமே தல வெச்சுப் படுக்காதவ. ஏன் தெரியுமா? அவளுக்கு நாங்க என்ன பேரு வெச்சிருக்கறோம் தெரியுமா?" என்றாள்.

"என்ன பேருங்க?" என்றாள் ராசாமணி, காதை முன்னால் நீட்டிக்கொண்டு.

பொன்னாயி முகம் செத்துப் போயிற்று. பாப்பாத்தி வாயைத் திறந்தாள்.

"அடுத்தது நானுங்க!"

சொன்னது பழனாயி. சொன்ன பிறகுதான் தான் எழுந்து நிற்பதே அவளுக்குத் தெரிந்தது. பாப்பாத்தியின் வாய் திறந்தபடியே இருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. அப்புசாமி ஓடிவந்து, "ஏம் புள்ள, உனக்கென்ன பித்துப் புடிச்சிருச்சா?" என்றான்.

"தள்ளிக்குங்க."

பலகையில் உட்கார்ந்தாள். சின்னக்கண்ணு பின்னாலிருந்து, "மெல்லத் தள்ளட்டுமாக்கா?" என்றாள். "பலமாவே தள்ளு கண்ணு" என்றாள் பழனாயி. 

முதல் வீச்சில் தரை போயிற்று. பள்ளத்தை மூடியிருந்த மஞ்சுமூட்டம் அப்போது பார்த்தா விலக வேண்டும்? காலுக்கடியில் பலா மர உச்சிகள், அதற்குக் கீழே பாறை, அதற்கும் கீழே எங்கேயோ சேந்தமங்கலத்து ஓட்டு வீடுகள் சிதறின சோளம் மாதிரி.  பின்னால் வந்தாள், மறுபடி முன்னால். உடம்பெல்லாம் வேர்த்து, உள்ளங்கால் கூசி, அடிவயிற்றிலிருந்து அதே கூப்பாடு கிளம்பி மேலே வந்தது. அதே பழைய வார்த்தை. வாய் திறந்துவிட்டது. கீழே நின்ற அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்கள். பொன்னாயி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்கலாம், மலை ஏறுகிற அவசரத்தில் விட்டுப்போயிற்று. மூன்று வருசத்துக்கு முன்னால் மாடு முட்டி அப்புசாமியின் வலது தோள் இறங்கிவிட்டது. கிணற்றில் கவலை ஓட்ட ஆள் இல்லை. கவலை தெரியுமல்லவா? கிணற்றுக்குள் தோல் சால் இறங்கும். அதில் கட்டின வடக்கயிற்றை இரண்டு மாடும் இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். ஓட்டுகிற ஆள் அந்த வடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து தன் பாரத்தையும் சேர்த்து அழுத்துவான். ஆண்பிள்ளை வேலை என்பார்கள். பழனாயி யாரையும் கேட்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, செவலை மாட்டையும் மயிலை மாட்டையும் பூட்டி, வடத்தில் ஏறி உட்கார்ந்தாள். மூன்று வருசம், காலையில் நூறு சால், சாயங்காலம் ஐம்பது. எப்போது உட்கார வேண்டும், எப்போது பாரம் கொடுக்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பது அவள் இடுப்புக்குத் தெரியும். இந்தச் சித்திரையில் புது வடம் வாங்கினார்கள். பழையதுதான் இப்போது இச்சி மரத்தில் தொங்குகிறது. அது தன் வீட்டுக் கயிறு என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தலைக்குத் தெரியும். கைக்கு இப்போதுதான் தெரிந்தது.

உள்ளங்கையில் அந்த முறுக்கு ஏறியதும் அவள் பிடி இறுகியது. இடுப்பு தானாகவே பின்னால் சாய்ந்தது. திறந்த வாயிலிருந்து வந்தது கூப்பாடுதான். ஆனால் பழைய கூப்பாடு இல்லை.

"ஏய்... செவலே! போ... போ... போ!"

மலை அதிர்ந்தது. கீழே நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புசாமிக்குப் புரிந்தது. அவன் துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, "ஓட்டு புள்ள! மயிலையும் கூடப் போகுது, ஓட்டு!" என்று குதித்தான். தோள் வலிப்பது அவனுக்கு மறந்தே போயிற்று.

முன்னால் போகும்போது பாரம் கொடுத்தாள். பின்னால் வரும்போது உடம்பைச் சுருக்கினாள். சின்னக்கண்ணு தள்ளுவதை விட்டு ஒதுங்கி நின்றாள். தள்ள வேண்டிய அவசியமே இல்லை. "ஒண்ணு!" என்று எண்ணினாள் பழனாயி. தூரி மூங்கிலுக்கு நேராகப் போயிற்று. "ரண்டு!" பள்ளத்தாக்கு அங்கேயேதான் இருந்தது. இருக்கட்டும், கிணறும்தான் ஐம்பது அடி. "மூணு!" கால் நுனியில் பழம் உரசியது. பின்னால் வந்தபோது முதுகு இச்சி மரத்து இலைக்குள் புகுந்து வெளியே வந்தது. "நாலேய்!" என்று கத்திக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்து நீட்டினாள்.

விட்டாள் ஓர் உதை! சீப்பு மட்டும் இல்லை, மூங்கில் கழியே பிடுங்கிக்கொண்டு பள்ளத்தில் பறந்தது.

என்ன ஆர்ப்பாட்டம் என்கிறீர்கள்! சென்றாயன் கொட்டு எடுத்து முழக்கிவிட்டான். மாப்பிள்ளை விசில் அடித்துவிட்டு, அம்மா பார்க்கிறாளே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். பொன்னாயி அழுதுகொண்டே சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டே அழுதாள். பழனாயிக்குச் சந்தோசம் நெஞ்சு கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருசத்துக் கல்லெல்லாம் அந்த மூங்கிலோடு உருண்டு போனதுபோல உடம்பு லேசாக இருந்தது.

தூரி மெல்ல நின்றது. சென்றாயன் முழக்கை நிறுத்தி, "பழம் தட்டியாச்சு. யார்கிட்ட என்ன கேக்கறீங்கக்கா?" என்றான்.

பழனாயி பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நங்கையா, உங்ககிட்டத்தான் கேக்கறேன். என்ற பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. என்னைப் பெத்தவங்க வெச்ச பேரு. மூணு வாட்டி. இந்த மலைக்கே கேக்கோணும்."

"இவ்வளவுதானா? நான் என்னமோ காலுப் புடிக்கச் சொல்லுவியோன்னு பயந்தே போயிட்டேன்" என்று சிரித்த பாப்பாத்தி, இடுப்பில் கை வைத்து, பள்ளத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். வாய் திறந்தது. பேர் வரவில்லை.

மூடிவிட்டு மறுபடி திறந்தாள். உதடு 'மு' என்று குவிந்து, இல்லையென்று விரிந்தது. கண் அப்புசாமியைத் தேடியது. அவன் வாயெடுக்கப் போனான். "நீங்க சும்மா இருங்க" என்றாள் பழனாயி. பாப்பாத்திக்கு முகம் கறுத்தது. கூடப் பிறந்தவன் பெண்டாட்டி. ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே களம். அவள் பேர் தனக்குத் தெரியவில்லை. 

பாப்பாத்தி நடந்து வந்து தூரிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"ஏஞ் சாமி... எனக்கு மறந்தே போச்சு. நான் பண்ணுன வேலையப் பாரு. நீயே சொல்லு கண்ணு."

பழனாயிக்குக் கோபம் வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. அவள் பலகை மேல் ஏறி நின்று, பள்ளத்தாக்கைப் பார்த்து, வயிற்றை எக்கிச் சொன்னாள்: "பழனாயி!" மலை அதை வாங்கி, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொன்னது.

பாப்பாத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "பழனாயீ!" ஒன்று. "பழனாயீ!" இரண்டு. மூன்றாவது தடவை அவளோடு அப்புசாமியும் சென்றாயனும் சின்னக்கண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார்கள். கட்டின புருசன் பேர் சொல்லிக் கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டாள் பழனாயி.

எல்லாம் அடங்கிய பிறகு ராசாமணி மெல்லப் பக்கத்தில் வந்தாள். அவள்தான் எதையும் விடுகிறவள் இல்லையே.

"ஏனுங்க, ஒண்ணு மட்டும் புரியலீங்க. பேரே மறந்துபோச்சுன்னா, இத்தன வருசமா இவங்கள என்னன்னுதான் கூப்பிட்டீங்க?"

 பழனாயி கயிற்றை விடாமல் பாப்பாத்தியையே பார்த்தாள். பாப்பாத்தி சம்பந்தியை ஒரு பார்வை, தூரியில் நிற்கிறவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நாக்கு, பிறந்ததிலிருந்து ஒரு சங்கதியைக்கூட விழுங்காத நாக்கு, ஒரு தடவை நின்றது.

"கண்ணுன்னு கூப்பிடுவேன், சாமின்னு கூப்பிடுவேன். வேற என்னன்னு கூப்பிடுவாங்க, எங்கூட்டு மருமவள?" என்றாள் பாப்பாத்தி.

பிறகு ஈரக் கண்ணோடு அடுப்புப் பக்கம் நடந்தவள், நாலடி போய்த் திரும்பி, மலைக்குக் கேட்க வேண்டாம், பத்தடி தூரத்துக்குக் கேட்டால் போதும் என்பதுபோலச் சொன்னாள்.

"ஏ பழனாயி, கொழம்பு ஆறுது, சோறு போடலாம் வா."

அது நாலாவது தடவை. கேட்டது மூன்றுதான்.